சீட்டுக்கு அடியில் ஏறிய சூடு

எண்பதுகளின் நடுவில், ஒரு ஜூலை மாதக் காலையில், ராமச்சந்திராபுரத்திலிருந்து செகந்திராபாத் போகும் சாலையில் நடந்தது இது. இன்றைக்கு அந்தச் சாலையில் மூச்சுவிட இடமில்லாமல் கட்டடங்கள் நிற்கின்றன. அப்போது லிங்கம்பள்ளி தாண்டிவிட்டால் பாறையும் புதரும் சோளக்கொல்லையும்தான். நடு வழியில் வண்டி நின்றுபோனால் ஆளைத் தேடிக்கொண்டு வெகுதூரம் நடக்க வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது செகந்திராபாத் மாரெட்பள்ளி. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். எங்கள் வீட்டுத் தமிழில் பாதிக்குப் பாதி தெலுங்கும் ஹைதராபாத் இந்தியும் கலந்திருக்கும். என் கணவர் பாளையங்கோட்டைக்காரர். அங்கிருந்து யார் வந்தாலும் நான் பேசுவதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நாங்கள் இருவரும் அந்தப் பெரிய பொதுத்துறைத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தோம். அவர் ஃபவுண்டரியில் இன்ஜினியர். நாள் முழுக்க உருகிய இரும்பின் பக்கத்தில் நிற்கிற மனிதர். அதனால் வீட்டில் மின்விசிறி நின்றுபோனால்கூட, "இதெல்லாம் ஒரு சூடா?" என்று கேட்பார். நான் டிப்ளமோ முடித்துவிட்டு எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் கண்ட்ரோல் பேனல்களைச் சோதிக்கிற வேலையில் இருந்தேன்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பேனலுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சூடு ஏறினால் அதற்குள் மின்சாரம் கூடுதலாகப் பாயும். கூடுதலாகப் பாய்ந்தால் சூடு இன்னும் ஏறும். இன்னும் ஏறினால் இன்னும் பாயும். ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் அது தானாக அடங்காது; வெந்து கருகி, பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிட்டுத்தான் ஓயும். இதை 'தெர்மல் ரன்அவே' என்போம். இது வராமலிருக்கத்தான் டிரான்சிஸ்டரின் முதுகில் அலுமினியத் தகடு வைத்துச் சூட்டை வெளியே இழுப்பது, காற்றோட்டத்துக்கு வழி விடுவது எல்லாம். மீட்டர் என்ன சொன்னாலும் எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் இருந்தது. பேனலை ஓடவிட்டு நிறுத்தியதும், ஒவ்வொரு பாகத்தையும் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்ப்போம். உள்ளங்கை தடித்துப் போயிருக்கும், புறங்கைத் தோலுக்குத்தான் சூடு சட்டென்று தெரியும். எனக்கு இது எவ்வளவு ஊறிப் போயிருந்தது என்றால், வீட்டில் இட்லிப் பானையைக்கூடப் புறங்கையால்தான் தொடுவேன்.

இப்போது நாத்தனார் கதைக்கு வருகிறேன். என் கணவருக்கு ஒரே தங்கை. அம்மா அப்பா இரண்டு பேரும் தவறிவிட்டார்கள். அவளைக் கட்டியவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலில்தான் இருப்பார். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே நடக்க வேண்டும்? தாய் இல்லாதவளுக்கு அண்ணன் வீடுதான் தாய் வீடு என்று இவர் போய்க் கூட்டி வந்தார். அவளுடைய மாமியாருக்கு அவ்வளவு தூரம் அனுப்ப மனசே இல்லை. ரயில் ஏற்றும்போது என் பேரைச் சொல்லி, "அவ பொறுப்பு" என்று சொல்லி அனுப்பினாராம். அண்ணன் வீட்டில் நல்லது நடந்தால் அண்ணன் பார்த்துக்கொண்டான் என்பார்கள். கெட்டது நடந்தால் அண்ணி சரியாகப் பார்க்கவில்லை என்பார்கள். இது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அவள் நல்ல பெண். வாய்தான் கொஞ்சம் நீளம். ஆனால் கர்ப்பத்தில் கூர்மையாகிவிட்ட அவள் மூக்கு, வந்த நாளிலிருந்து ஒரு தனி ஆள் மாதிரி எங்கள் வீட்டில் அதிகாரம் செய்தது. தாளிக்கிற வாசனை ஆகாது. அண்ணன் தலையில் தேய்க்கும் எண்ணெய் ஆகாது. புதுத் துடைப்பத்தைப் பரணில் போட்டோம். பக்கத்து வீட்டில் மீன் வாங்கினால் கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே இவளுக்குத் தெரிந்துவிடும். நானும் முதலில் பொறுமையாகத்தான் இருந்தேன். பிறகு எனக்கும் அலுத்துப் போய், "இந்த மூக்கை அப்படியே கழட்டி எங்கள் டெஸ்டிங் செக்‌ஷனில் வைத்துவிடலாம்" என்று கேலி செய்ய ஆரம்பித்தேன். அவள், "ஓரமா ஒரு நாக்காலியும் போட்டுக் குடுங்க மைனி, சம்பளத்துக்கே வாறேன்" என்பாள். அவர்கள் ஊரில் அண்ணியை மைனி என்றுதான் கூப்பிடுவார்கள்.

நாற்றத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராமச்சந்திராபுரத்தில் எங்கள் கம்பெனி குவார்ட்டர்ஸுக்கு மேற்கே பட்டான்செரு. அங்கே மருந்துத் தொழிற்சாலைகளும் கெமிக்கல் யூனிட்களும் அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மழைக்காலத்தில் மேற்குக் காற்று அடித்தால் போதும், ஒரு நாள் அழுகின முட்டை, ஒரு நாள் பூண்டு, ஒரு நாள் என்னவென்றே சொல்ல முடியாத ஒரு காட்டம். முதலில் மேற்குப் பக்க வீட்டில் ஜன்னல் அடிபடுகிற சத்தம் கேட்கும். அடுத்து அதற்குப் பக்கத்து வீடு. அப்படியே வரிசையாக டப் டப்பென்று சாத்திக்கொண்டே வருவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. நாற்றம் வந்தால் கை தானாக ஜன்னலுக்குப் போகும். மூடிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். புதிதாகக் குடிவந்தவர்கள்தான், "என்ன நாற்றம் இது?" என்று கேட்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் கேட்பதை விட்டுவிடுவார்கள்.

மாதம் நெருங்க நெருங்க நாத்தனாருக்குக் கால் வீங்கி, ரத்த அழுத்தமும் ஏறியது. எங்கள் டவுன்ஷிப் டாக்டர், வலி வந்ததும் நேரே செகந்திராபாத் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், இங்கே வைத்துக்கொண்டு பார்ப்பது சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று விடிந்ததும் வலி கண்டது. டவுன்ஷிப் ஆம்புலன்ஸ் வேறு ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. இவர் ஓடிப்போய் கடைத்தெருவில் வாடகைக்கு ஓட்டும் ஒரு வேனைப் பிடித்துவந்தார். பழைய வேன். பின்னால் இரண்டு நீள சீட் எதிரெதிரே. டிரைவர் ஹைதராபாத்காரர், வெற்றிலை போட்ட வாயும் சிரிப்புமாக இருப்பார். வண்டியை அவர் சுத்தமாக வைத்திருந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். சீட்டுக்குப் பூப்போட்ட உறை எல்லாம் போட்டிருந்தார்.

ஆனால் எங்கள் வாசலில் அணைத்த வண்டி மறுபடி கிளம்பவில்லை. பேட்டரி ஒரு வாரமாகவே மந்தமாம். இவரும் பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளித்தான் கிளப்பினார்கள். நான் அதற்குள் டிரைவருக்குப் பின்னால் இருந்த நீள சீட்டில் மெத்தை விரித்து, அதன்மேல் ரப்பர் ஷீட் போட்டு, பழைய நூல் புடவைகளை மடித்துப் பரப்பி, மெத்தை நழுவாமலிருக்கச் சீட்டுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் இரண்டு போர்வைகளைச் சுருட்டி அடைத்துவிட்டேன். பிரசவத்துக்குப் போகிறவளுக்கு உடம்பு அலுங்கக் கூடாது. அவளைப் படுக்க வைத்துவிட்டு எதிர் சீட்டில் நான் உட்கார்ந்தேன். இவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

டவுன்ஷிப் கேட்டைத் தாண்டும்போதே தூறல். மேற்குக் காற்று முதுகில் அடித்தது. வழக்கமான நாற்றமும் கூடவே வந்தது. நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். இவர் முன் கண்ணாடியை ஏற்றினார், நான் பின்னால் இருந்ததை இழுத்து மூடினேன். எல்லாம் வழக்கப்படிதான்.

டிரைவருக்கு ஒரே சந்தோஷம். டேஷ்போர்டில் கரண்ட் ஏறுவதைக் காட்டும் ஒரு சின்ன மீட்டர் இருந்தது. அதன் முள் 'பிளஸ்' பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. "காண்டா கைசா சட் ரா தேகோ மேடம்!" என்று திரும்பி எனக்குக் காட்டினார். முள் எப்படி ஏறுகிறது பாருங்கள் என்று பெருமை. இத்தனை நாள் சார்ஜே ஏறாமல் படுத்திய பேட்டரி, இன்றைக்கு வயிறு நிறையக் குடிக்கிறதாம். ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் யாரும் தள்ள வேண்டியிருக்காது என்றார். இவரும் தலையாட்டினார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

லிங்கம்பள்ளி தாண்டியது. பட்டான்செரு நாற்றம் சாதாரணமாக அத்தோடு விட்டுவிடும். அன்று விடவில்லை.

"மைனி, முட்டை அழுகின நாத்தம் அடிக்கி" என்றாள் நாத்தனார்.

"மழைக் காத்து இல்லையா, இன்னைக்குத் தூரமா வருதும்மா" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து எலுமிச்சம்பழத்தைக் கீறி அவள் கையில் கொடுத்தேன். பின் கதவில் ஒரு விரல் அகலத்துக்கு இடுக்கு இருந்தது. அதிலும் துண்டைத் திணித்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் போட்டுவிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வலி கூடுகிறது என்று நினைத்து நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் கண் எரிந்தது. அழுகிறவளைப் பார்த்தால் நமக்கும் கண் கலங்கும் அல்லவா, அப்படி என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது.

"நாத்தம் வெளிய இல்ல மைனி. உள்ளதான் அடிக்கி."

"ஏட்டி, சும்மா படு. இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று இவர் முன்னாலிருந்து சொன்னார்.

"அண்ணே, கண்ணாடியத் தொறங்க."

"தொறந்தா இன்னும்லா வரும்?"

அவள் சத்தம் போட்டாள். வேனுக்குள் மூன்று பேர், மூன்று பேருமே அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் நாற்றம் என்று சொல்லச் சொல்ல நாங்கள் இறுக்கி மூடினோம். நாங்கள் மூட மூட நாற்றம் கூடியது. நாற்றம் கூடக் கூட அவள் குரல் ஏறியது. குரல் ஏற ஏற, வலியில் கத்துகிறாள், பாவம் என்று அவள் சொல்வதை விட்டுவிட்டு அவளைத் தடவிக் கொடுப்பதிலேயே இருந்தோம். அவளுடைய மூக்கைப் பற்றி நாலு மாதமாகக் கேலி செய்து பழகியிருந்தோம் அல்லவா, அந்தப் பழக்கமும் சேர்ந்துகொண்டது.

மியாப்பூர் நெருங்கும்போது அவள் கத்துவதை நிறுத்தினாள். முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்து, என் முகத்தை நேராகப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்.

"மைனி, இந்த சீட்டு ஏறும்போது இதமா இருந்துச்சு. இப்பச் சுடுது. சுடச் சுட நாத்தம் கூடுது. நா சொல்லுதது ஒங்களுக்குக் கேக்கா, இல்லையா?"

சுடச் சுடக் கூடுகிறது. இந்த வார்த்தையை நான் தினமும் என் பிரிவில் சொல்கிறவள். யாரோ தலையில் தட்டியதுபோல இருந்தது. நிமிர்ந்து டேஷ்போர்டைப் பார்த்தேன். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பேட்டரி நிறைந்து, அந்த முள் நடுவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. முதலில் பார்த்ததைவிட இன்னும் ஏறி, ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பேட்டரி எங்கே இருக்கு?" என்று டிரைவரிடம் இந்தியில் கத்தினேன்.

"ஹவ் மேடம், சீட் கே நீச்சே" என்றார். சீட்டுக்கு அடியிலாம். எந்த சீட் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. மெத்தைக்குக் கீழே கையைச் செருகி, புறங்கையைச் சீட்டுப் பலகையில் வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். நான் நாளெல்லாம் சூடான சாமான்களைத் தொடுகிறவள். அப்படிப்பட்ட சூடு அது.

"காடி ரோக்கோ! இஞ்சின் பந்த் கரோ!"

நான் போட்ட கூச்சலில் டிரைவர் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டி அணைத்தார். கதவைத் திறந்ததும் மழைக் காற்று முகத்தில் அடித்தது. வெளியே எந்த நாற்றமும் இல்லை. நனைந்த மண் வாசனைதான். அந்தச் சுத்தமான காற்று மூக்கில் ஏறியபோதுதான் நாங்கள் எதற்குள் உட்கார்ந்து வந்தோம் என்று எனக்குத் தெரிந்தது.

இவரும் நானும் அவளைத் தாங்கி இறக்கி, தள்ளி இருந்த ஒரு வேப்ப மரத்தடியில் புடவைகளைப் போட்டு உட்கார வைத்தோம். டிரைவர் மெத்தையை இழுத்துப் போட்டுவிட்டுப் பலகையைத் தூக்கினார். பேட்டரிப் பெட்டி பக்கவாட்டில் உப்பியிருந்தது. மூடித் துளைகளிலிருந்து சோற்றுப் பானை கொதிப்பதுபோல உஸ்ஸென்று ஆவி. உள்ளே இருட்டாக இருக்கிறது என்று டிரைவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். நான் ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டேன். தீப்பெட்டி சேற்றில் விழுந்தது. கொதிக்கும் பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன், ஒரு பொறி போதும் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, என் முகத்தைப் பார்த்து ஒதுங்கி நின்றார்.

அடுத்து வந்ததுதான் உண்மையான சிக்கல். மழை வலுத்தது. நாத்தனாருக்கு வலி விட்டு விட்டு, ஆனால் நெருக்கமாக வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி இன்னும் தூரம். சாலையில் இரண்டு மாட்டு வண்டியும் ஒரு லாரியும் போனதோடு சரி.

டிரைவர், எல்லாக் கண்ணாடியையும் திறந்துவிட்டு ஓட்டிவிடலாம், குகட்பள்ளி வரை போனால் போதும், அங்கே வேறு வண்டி கிடைக்கும் என்றார். "குச் நை ஹோத்தா மேடம்." ஒன்றும் ஆகாதாம். என் கணவரும் அதையே சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. தங்கை மழையில் நனைந்துகொண்டு வலியில் நெளிகிறாள். அவருக்குத் தெரிந்த சூடெல்லாம் அடுப்பை அணைத்தால் அடங்கிவிடுகிற சூடு.

"இஞ்சினைப் போட்டா டைனமோ திரும்ப அதுக்குள்ள கரண்டைத் தள்ளுங்க. அது ஏற்கெனவே நிலை தாண்டிடுச்சு. இதுல ஏத்தாதீங்க" என்றேன்.

"இங்க ரோட்டுல பெத்துக்கிட்டா நல்லதா? பிரஷர் வேற இருக்கு. ஏதும் ஆச்சுன்னா என்ன செய்வே நீ?"

வேனில் ஏற்றி ஏதாவது ஆனாலும் என் தலையில், ஏற்றாமல் ஏதாவது ஆனாலும் என் தலையில். ஒரு நிமிஷம், இவர் சொல்வதுபோல ஏறிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. நாத்தனார்தான் மரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நா ஏற மாட்டேன். மைனி தொட்டுப் பாத்தாவல்லா? அவிய சொல்லுததக் கேளுங்கண்ணே."

அத்தனை நேரம் அவள் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. நான் சொன்னதை அவள் உடனே கேட்டாள்.

அப்போதுதான் நாங்கள் வந்த வழியிலேயே, மேற்கிலிருந்து ஒரு பஸ் வருவது தெரிந்தது. எங்கள் கம்பெனி பஸ். காலை ஷிப்ட் ஆட்களை நகரத்திலிருந்து கொண்டுவந்து ஃபேக்டரி கேட்டில் இறக்கிவிட்டு, ஷெட்டுக்குக் காலியாகத் திரும்பும் பஸ்கள் அந்த நேரத்தில் போகும். அவை நடுவில் எங்கேயும் நிற்கக் கூடாது, யாரையும் ஏற்றக் கூடாது. அது கண்டிப்பான விதி. நான் நடு ரோட்டில் போய் நின்று, பையிலிருந்த கேட் பாஸைத் தூக்கிக் காட்டினேன். என்ன மூடத்தனம்! அந்த மழையில் அவருக்கு அது என்ன தெரியப் போகிறது?

பஸ் நின்றது. டிரைவர் நடு வயது மனிதர். நான் தெலுங்கில் விதியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மரத்தடியில் இருந்தவளைத்தான் பார்த்தார்.

"எக்கண்டி அம்மா" என்றார். ஏறுங்கள் என்று மட்டும். இறங்கி வந்து, தன் சீட்டில் போட்டிருந்த தலையணையை எடுத்து அவள் முதுகுக்கு வைத்தார். பஸ்ஸின் எல்லா ஜன்னலையும் தள்ளித் திறந்துவிட்டோம். மழைச் சாரல் உள்ளே அடித்தது. யாரும் மூடச் சொல்லவில்லை. பகலிலேயே ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, ஹாரனை அடித்துக்கொண்டு, அவர் ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே அந்தப் பெரிய பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கிய அவசரத்தில் நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. பிறகு எத்தனையோ கம்பெனி பஸ்களில் முகத்தைத் தேடியிருக்கிறேன், அவரை மறுபடி பார்க்கவே முடியவில்லை.

அன்று மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு அழுத்தம் இறங்கக் கொஞ்ச நாள் ஆனது, மற்றபடி நலம். நர்ஸ் வந்து சொன்னபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் வேன் டிரைவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாங்கள் போட்டுவிட்டு வந்த மெத்தையைச் சுருட்டித் தோளில் வைத்திருந்தார். சட்டை முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை. கழுத்தில் மருந்து தடவியிருந்தது. நாங்கள் போன பிறகு, பூப்போட்ட சீட் உறை மழையில் நனைகிறதே என்று பலகையைப் பழையபடி வைத்து, வண்டியின் கதவுகளையெல்லாம் மறுபடி சாத்திவிட்டாராம். மழை விட்டதும், வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பியிருக்கிறார். உள்ளே சேர்ந்திருந்த வாயு வெடித்துவிட்டது. பேட்டரியின் மேல் பக்கம் சிதறி, சீட்டுப் பலகை கூரையில் போய் மோதி இரண்டாகப் பிளந்ததாம். வெளியே நின்றதால் அவருக்குத் தெறித்த ஆசிட்டோடு போயிற்று. மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் படுத்துப் புரண்டு கழுவிக்கொண்டிருக்கிறார்.

"பல்லா உடுக்கே சீதா ஊப்பர் கயா மேடம்" என்று கையை மேலே காட்டினார். பலகை நேராக மேலே போனதைத்தான் சொன்னார். பிறகு கட்டிலில் குழந்தையோடு படுத்திருந்தவளைப் பார்த்தார். அவருடைய வழக்கமான சிரிப்பு வரவில்லை. அந்தப் பலகையின் மேல்தானே இவள் படுத்திருந்தாள். என் கணவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

பின்னால் அந்த வேனை நான் போய்ப் பார்த்தேன். டைனமோவிலிருந்து வரும் கரண்டை அளவாக விடுகிற கட்-அவுட் பழுதாகி, வந்ததையெல்லாம் அப்படியே பேட்டரிக்குள் விட்டிருக்கிறது. கிழட்டு பேட்டரி சூடானது. சூடான பேட்டரி எதிர்ப்புக் காட்டாமல் இன்னும் கரண்டை வாங்கியது. வாங்க வாங்க இன்னும் சூடாகி, உள்ளே இருந்த தண்ணீர் வாயுவாகப் பிரிந்து, தகடுகள் வளைந்து ஒன்றையொன்று தொட்டிருக்கின்றன. டிரைவர் வயிறு நிறையக் குடிக்கிறது என்று சந்தோஷப்பட்டது இதைத்தான். சூடு வெளியேற அந்தச் சீட்டுக்கு அடியில் வழி இருந்தது. அதைத்தான் நான் பிரியமாகப் போர்வை சுருட்டி அடைத்திருந்தேன். என் டிரான்சிஸ்டர்களுக்கு நடப்பதும் இந்தப் பேட்டரிக்கு நடந்ததும் ஒன்றேதான்.

வீட்டுக்கு வந்த பிறகு, அன்று விரித்த நூல் புடவைகளையும் அவள் கட்டியிருந்த புடவையையும் துவைக்கப் போட்டேன். ஊற வைக்கும்போது நன்றாகத்தான் இருந்தன. அலசிப் பிழிந்தபோது கையோடு பிய்ந்து வந்தன. ஆசிட் ஆவி பட்ட நூல் அப்படித்தான், துவைத்துப் பிழிந்தால் பொடிந்துவிடும். அவள் கட்டியிருந்த புடவையில் இடுப்புப் பக்கம் ஒரு கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. கொல்லையில் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட நான் அழவில்லை.

அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து பார்த்தாள். "எம்மூக்கக் கழட்டி எங்கயோ வைக்கணும்னு சொன்னியள்லா மைனி?" என்றாள். அழுகையோடு அழுகையாக எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து மேற்குப் பக்கத்திலிருந்து ஜன்னல்கள் டப் டப்பென்று சாத்திக்கொண்டே வந்தன. என் கை வழக்கம்போல எங்கள் ஜன்னலுக்குப் போனது. பாதியில் நின்றேன். வீடு முழுக்க ஒரு சுற்று சுற்றி, ஸ்டவ், பிளக், ரேடியோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்துதான் சாத்தினேன்.

இப்போது நாங்கள் ஓய்வு பெற்று மாரெட்பள்ளியில் இருக்கிறோம். அந்தக் குழந்தைக்கே குழந்தைகள் ஆகிவிட்டன. வீட்டில் யாராவது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னால், எனக்கும் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் சமாதானம் சொல்ல வாயைத் திறப்பதற்கு முன்னால், அவர்கள் பக்கத்தில் போய், அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துவிடுகிறேன்.